மரக்கறி வண்டியின் எஞ்சின் தவறி எரிதல்

சுன்னாகச் சந்தைக்கோ தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ தம் விளைபொருளைத் தாமே ஏற்றிச் செல்லும் கமக்காரர் பலர் சிறிய பெற்றோல் வான்களை உபயோகிக்கின்றனர். இவற்றில் எஞ்சின் நடுங்கி, இழுவை குறைந்து, எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கும் எரியத் தொடங்கினால் சிலர் அதனைப் பொருட்படுத்தாது ஓடுவர். வேறு சிலர் கராச்சிற் சொல்லும் உறுப்புக்களையெல்லாம் மாற்றிப் பணத்தை இழப்பர். வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டால், பழுது எவ்விடத்ததெனப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லையாதலால் இங்கு கூறுவன அதற்குப் பொருந்தா.

பெற்றோல் நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அதில் உருளை ஒன்றே. பிளக் பொறி தராவிடின் இயந்திரம் நின்றுவிடும். வானிலோ மூன்று அல்லது நான்கு உருளைகள் உள. ஒன்று தவறினும் ஏனையவை அதனை இழுத்துச் செல்லும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழல்கையில் ஒவ்வோர் உருளையும் 1500 தடவை எரிதல் வேண்டும். தவறும் ஒவ்வொரு தடவையும் பெற்றோல் எரியாமலே புகைக்குழாயினுட் செல்கின்றது. அங்கே புகையைச் சுத்திகரிக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியொன்றுண்டு. அதன்மேற் பூசப்பட்டவை பிளாற்றினம், பலேடியம், ரோடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்கள். எரியாத பெற்றோல் அதனுள்ளே எரியுமாயின் கட்டி உருகி அடைபட்டுவிடும். ஒரு பிளக்குடன் முடிந்திருக்கவேண்டிய செலவு அப்பொழுது பன்மடங்காகும்.

ஆகவே விளக்கு எவ்வாறு எரிகின்றதென்பதே முதலிற் கவனிக்கற்பாலது. அது விட்டு விட்டு மின்னினால் அக்கட்டி பழுதடையும் நிலையிலுள்ளது எனக் கொள்க. வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். சுமையை வேறு வண்டிக்கு மாற்றும் கூலி இங்கு நட்டமன்று. விளக்கு மின்னாது ஒரே சீராக எரியின், சுமையைக் குறைத்து மெதுவாக வீடு சேரலாம். எண்ணெய் அல்லது வெப்பத்தைக் காட்டும் சிவப்பு விளக்கும் உடன் எரிந்தால் ஓடுதல் கூடாது.

விளக்கெரிந்த காரணத்தை வண்டியின் கணினி ஓர் இலக்கமாகப் பதிந்து வைத்திருக்கும். ஸ்ரியறிங்கின் கீழுள்ள 16 ஊசித் துளைகளையுடைய குழியிற் சிறு கருவியொன்றைச் செருகி, கைத்தொலைபேசியில் அதனை வாசிக்கலாம். மிகப் பழைய வண்டிகளில் இவ்வசதி இல்லை. பி 0301 என்பது முதலாம் உருளை, பி 0302 இரண்டாம் உருளை என்றவாறு தவறும் உருளையைக் குறிக்கும். பி 0300 எனின் பல உருளைகள் தவறுகின்றன. பெரும்பாலும் பெல்ற் ஓடும் பக்கத்திலுள்ளதே முதலாம் உருளை. இலக்கத்தை எழுதி வைக்குமுன் பற்றரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பது, சாட்சியைத் துரத்திவிட்டுக் களவை விசாரிப்பது போன்றதாகும்.

இலக்கம் உருளையைக் காட்டுமேயன்றிப் பழுதான உறுப்பைக் காட்டாது. உறுப்பை அறிய இடம் மாற்றிப் பார்த்தலே சிறந்த வழி. ஒவ்வொரு பிளக்கின்மேலும் தனிக் கொயில் உள்ள வண்டியில் பி 0302 தோன்றியதாகக் கொள்வோம். எஞ்சின் ஆறியபின் சாவியை எடுத்துவிட்டு, இரண்டாம் கொயிலை மூன்றாம் இடத்திலும், மூன்றாவதை இரண்டாம் இடத்திலும் பூட்டி, இலக்கத்தை அழித்துச் சிறிது தூரம் ஓடுதல் வேண்டும். இப்பொழுது பி 0303 தோன்றினால் குற்றம் கொயிலிலேயே உள்ளது. மீண்டும் பி 0302 தோன்றினால் பிளக்குகளையும் அவ்வாறே மாற்றிப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் ஓடுகையிற் கொயிலை இழுத்துப் பார்க்கும் பழைய வழக்கம் ஆபத்தானது. அங்கே 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின் பாயும்.

கழற்றிய பிளக்கும் பல செய்திகளைச் சொல்லும். பெற்றோலில் நனைந்திருப்பின் பொறி கிடைக்கவில்லை. கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகுதி. எண்ணெய் பூசியிருப்பின் எஞ்சினின் உட்பாகம் தேய்ந்திருத்தல் கூடும். கழற்றுமுன் குழியிலுள்ள தூசியை ஊதி அகற்றுதலும், பூட்டும்போது முதலிற் கையாலேயே திருகுதலும் அவசியம்.

கமக்காரர் வண்டிகளுக்கே உரிய காரணங்கள் இரண்டு. சிந்திய நெல்லைத் தேடிவரும் எலிகள் எஞ்சின் வயர்களைக் கடிப்பதுண்டு. சேறு போக விசையுடன் நீர் பாய்ச்சிக் கழுவுகையில் பிளக்குக் குழிகளில் நீர் தேங்குவதுமுண்டு. முந்திய நாள் கழுவிய வண்டி மறுநாட் காலை நடுங்கினால், உறுப்பொன்றை வாங்குமுன் அக்குழிகளை உலர்த்திப் பார்த்தல் நன்று. பி 0171 என்ற இலக்கமும் உடனிருந்தால், வெடித்த இறப்பர்க் குழாயொன்றினூடாகக் காற்றுப் புகுகின்றதோ எனச் சீறும் ஒலியைக் கேட்டுத் தேடலாம்.

கொயிலும் பிளக்கும் மாற்றியும் அதே உருளை தவறுமாயின், வயர்களும் பழுதற்றனவாயின், பெற்றோல் தெளிக்கும் உறுப்பையும் உருளையின் அமுக்கத்தையும் கராச்சிற் சோதிப்பித்தல் வேண்டும். அப்பொழுது இலக்கத்தையும் இடம் மாற்றிப் பார்த்தவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்தால், அதே வேலையை மீண்டும் செய்து கூலி கேட்க இடமிராது.