நிலம் நன்றாக இருக்கும்போதே மண்ணைப் பரிசோதியுங்கள்

ஆற்றில் வெள்ளம் வந்தால் சாயம் போய்விடும். நிலத்தில் ஏறிய உப்பு அப்படிப் போகாது. நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகள் பட்டறிந்த பாடம் இது.

துணியில் சாயம் பிடிக்கத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாக உப்பு சேர்த்தார்கள். அந்தக் கழிவுநீர் நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. விவசாயிகள் வழக்காடினார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலை வரும்வரை பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடிப்பது சுண்ணாம்புச் சத்து. அதன் இடத்தை உப்பிலுள்ள சோடியம் பிடித்தால் துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் ஓடு. காற்றில்லாமல், உப்பின் இறுக்கத்தில், தழைச்சத்தைப் பயிருக்கு ஏற்றபடி மாற்றும் நுண்ணுயிர்களும் பயறு வேரில் முடிச்சிடும் ரைசோபியமும் சுணங்கிவிடும். அதன்பின் யூரியாவைக் கூட்டிப் போட்டுப் பயனில்லை.

காய்ந்த மண்கட்டி ஒன்றை மழைநீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மெல்லப் போட்டு, ஆட்டாமல் வையுங்கள். தண்ணீர் பால்போல் கலங்கினால் சோடியம் மிகுந்திருக்கலாம். உடனே மண் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள்.

பி.எச். 8.5-க்கு மேல் போனால் களர். பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். மின்கடத்தும் திறன் மட்டும் 4 dS/m-ஐத் தாண்டினால் உவர்; அதற்கு ஜிப்சம் வீண்செலவு, நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். மக்காத தென்னை நார்க்கழிவைக் கொட்டாதீர்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிரின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும்.

மாசுபடுத்தியவரே இழப்பீடு தருவதோடு நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. கழிவுநீர் வந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். இழப்பீடு கேட்டு, பாதிப்பு தொடங்கிய 5 ஆண்டுக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

அங்கே முதலில் எழும் கேள்வி, "முன்பு மண் எப்படி இருந்தது?" என்பதுதான். அதற்குப் பதில் நிலம் கெடுவதற்கு முன் எடுத்த மண் பரிசோதனைச் சீட்டில்தான் இருக்கும். பத்திரத்தோடு அதையும் பெட்டியில் வையுங்கள்.