ஆவர்த்தனப் பரப்புகளில் மின்காந்தச் சிதறல்

ஆவர்த்தனப் பரப்பு என்பது ஒரே வடிவுடைய கம்பிகள், துளைகள் அல்லது உலோகத் துண்டுகள் சம இடைவெளியில் மீண்டும் மீண்டும் அமைந்த பரப்பு ஆகும். இதன் மீது படும் மின்காந்த அலை எத்திசைகளில், எவ்வளவு சிதறும் என்பதைக் கணக்கிடுவது அலைவாங்கி (ஆன்டெனா) வடிவமைப்பில் இன்றியமையாதது. உதகமண்டலத்திற்கு அருகில் முத்தோரையில் உள்ள உதகை வானொலித் தொலைநோக்கி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

உதகைத் தொலைநோக்கியின் கம்பிப் பரப்பு

டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கோவிந்த் சுவரூப் தலைமையில் அமைக்கப்பட்ட இத்தொலைநோக்கி 1970இல் செயல்படத் தொடங்கியது. இது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை ஆகும். இதன் எதிரொளிப்பான் தகட்டால் ஆனதன்று. 24 பரவளையச் சட்டங்களின் மேல், 0.38 மில்லிமீட்டர் விட்டமுள்ள 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் வடக்கு-தெற்காக இணையாகக் கட்டப்பட்டுள்ளன. கம்பிகளின் இடையே காற்று புகுந்து செல்வதால் சட்டங்களின் மீதான சுமை குறைகிறது.

தொலைநோக்கி இயங்கும் 326.5 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் அலைநீளம் சுமார் 92 செ.மீ.; கம்பிகளின் இடைவெளியோ சுமார் 3 செ.மீ. மட்டுமே. எனவே இப்பரப்பு அலைக்கு ஏறத்தாழ முழு உலோகத் தகடு போலவே அமைகிறது. எனினும், கம்பிக்கு இணையான மின்புலமே அதில் போதிய மின்னோட்டத்தைத் தூண்டும். ஆகையால் குவியக்கோட்டில் உள்ள 1056 இருமுனை அலைவாங்கிகளும் வடக்கு-தெற்காகவே அமைந்து, ஒரு முனைவாக்கத்தை மட்டும் பெறுகின்றன.

கணக்கிடும் முறை

பரப்பு முழுவதையும் ஒருசேரக் கணக்கிட மிகுந்த கணினி நினைவகம் தேவைப்படும். ஃபுளோகே தேற்றத்தின்படி, முடிவிலா ஆவர்த்தனப் பரப்பில் அடுத்தடுத்த அலகுகளின் மின்னோட்டங்கள் ஒரே வீச்சுடையவை. கட்டத்தில் மட்டும் சீராக வேறுபடும். எனவே ஓர் அலகைக் கணக்கிட்டாலே போதும். இடைவெளி அரை அலைநீளத்திற்குக் குறைவாக இருப்பின், அலை எக்கோணத்தில் பட்டாலும் கண்ணாடியில் போல ஒரே திசையில் எதிரொளிக்கும். இடைவெளி அதிகமானால், சில கோணங்களில் வேறு திசைகளிலும் கதிர்கள் தோன்றும்.

கம்பிகளின் ஊடே ஒரு பகுதி ஆற்றல் கசியும். உதகையின் அளவுகளுக்கு இக்கசிவு சில விழுக்காடு எனக் கணக்கிடலாம். கசிவினால் விண்ணிலிருந்து வரும் குறிப்பலை குறைவதோடு, நிலத்தின் வெப்பக் கதிர்வீச்சும் இரைச்சலாக உட்புகும். இடைவெளியைப் பாதியாக்கினால் கசிவு கால் பங்கிற்கும் கீழே குறையும். ஆனால் கம்பிகளின் எண்ணிக்கையும் காற்றின் சுமையும் இரட்டிப்பாகும். எந்த இடைவெளி போதுமானது என்பதை இக்கணக்கீடே முடிவு செய்ய உதவுகிறது.

வரம்புகள்

உண்மையான பரப்பு முடிவிலாதது அன்று. விளிம்புக் கம்பிகளுக்கு ஒரு பக்கம் மட்டுமே அண்டைக் கம்பி உண்டு. அங்கு அலை விளிம்பு வளைவுக்கும் உள்ளாகிறது. மேலும், பரவளையத்தின் ஒவ்வோர் இடத்திலும் படுகோணம் மாறுகிறது. ஆதலால் ஒவ்வொரு சிறு பகுதியையும் சமதளமாகக் கொண்டு அலகு முறையில் கணக்கிட்டு, பின்னர் அவற்றைக் கூட்டுவர். விளிம்புகளுக்குத் தனித் திருத்தம் சேர்ப்பர்.

பிற பயன்பாடு

புனேக்கு வடக்கே உள்ள மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியின் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளும் கம்பி வலையால் ஆனவை. அவை இரு முனைவாக்கங்களையும் பெறவேண்டியிருப்பதால் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டுள்ளன. அவற்றின் அலைநீளம் 21 செ.மீ. வரை குறைவதால் வலைக்கண்களும் 10 முதல் 20 மில்லிமீட்டர் அளவில் சிறியனவாக உள்ளன.