வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் தாயாகலாமா?

வலிப்பு நோய் உள்ள பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எந்தப் பிறவிக் குறையும் இல்லாமல் பிறக்கின்றன. இதை அழுத்திச் சொல்ல வேண்டிய நிலையில்தான் நம் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மீதியுள்ள ஆபத்திலும் பெரும்பகுதியைக் குறைக்க முடியும். அதற்கான வேலை கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமிருந்து வலிப்புச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் பலர். அங்கேதான் 1998-ல், நரம்பியல் மருத்துவர் சஞ்சீவ் வி. தாமஸின் முன்முயற்சியில், வலிப்பும் கர்ப்பமும் பற்றிய கேரளப் பதிவேடு தொடங்கியது. எந்த மாத்திரை, எந்த அளவில், குழந்தை எப்படிப் பிறந்தது என்று ஒவ்வொரு தாயின் விவரமும் அதில் ஏறுகிறது. குழந்தையின் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், பிள்ளைகள் பள்ளி வயதை எட்டிய பிறகும் அறிவுத்திறனையும் மொழித்திறனையும் சோதித்திருக்கிறார்கள்.

நாள் தள்ளிப்போகும் முன்பே

கடைசி மாதவிடாய் ஜனவரி 1-ம் தேதி வந்தது என்று வைத்துக்கொள்வோம். கரு உண்டாவது ஏறத்தாழ 15-ம் தேதி. நாள் தள்ளிப்போனது தெரிவது 29-ம் தேதி. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், பிப்ரவரி 12 வாக்கில் மூடி முடிந்துவிடும். டாக்டரைப் பார்க்க நாள் குறிப்பதற்குள் அந்தக் கட்டம் கடந்துவிடலாம். சில வலிப்பு மாத்திரைகளால் குழாய் சரியாக மூடாமல் போனால், முதுகெலும்பு திறந்தபடி இருக்கும் ‘ஸ்பைனா பிஃபிடா’ போன்ற குறைகள் வருகின்றன.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல

கர்ப்பகாலத்தில் எடுக்கும் வலிப்பு மருந்துகள் பற்றி 42 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2018-ல் வெளியான ‘யூராப்’ ஆய்வின் ஆசிரியர்களில் சஞ்சீவ் தாமஸும் ஒருவர். அதன்படி, வால்ப்ரோயேட் மட்டும் எடுத்த தாய்மார்களின் கர்ப்பங்களில் 10.3 சதவீதத்தில் பெரிய பிறவிக் குறைகள் இருந்தன. லாமோட்ரிஜினில் இது 2.9, லெவெடிரசிட்டத்தில் 2.8 சதவீதம், பொதுவாக எல்லாத் தாய்மாருக்கும் உள்ள ஆபத்தும் ஏறக்குறைய இவ்வளவுதான். அளவும் முக்கியம்: வால்ப்ரோயேட் நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் வரை எடுத்தவர்களிடம் 6.3 சதவீதம், 1,450-க்கு மேல் போனால் 25.2 சதவீதம். பிள்ளையின் பேச்சு, கற்றல் திறனையும் இந்த மருந்து பாதிக்கக்கூடும். மனநலச் சிகிச்சைக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் இதே மருந்து தரப்படுவதால், அந்தப் பெண்களும் கவனிக்க வேண்டும்.

தானாக நிறுத்தினால்?

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம். மருந்தை மாற்றி, வலிப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கப் பல மாதங்கள் ஆகும். அதனால்தான் முன்கூட்டிய திட்டம் தேவை.

என்ன செய்யலாம்?

* குழந்தைக்குத் திட்டமிடும்போதே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிந்தவரை ஒரே மருந்து, குறைந்த அளவு என்பதே நோக்கம்.
* ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குங்கள். பொதுவாக எல்லாப் பெண்களுக்கும் தினம் 400 மைக்ரோகிராம். வலிப்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வால்ப்ரோயேட்டின் கெடுதலை இது முழுவதும் போக்கிவிடாது.
* 18 முதல் 20 வாரத்துக்குள் குறை கண்டறியும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.
* கர்ப்பத்தில் லாமோட்ரிஜின் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் குறையும். அதனால் மருந்தைக் கூட்ட வேண்டி வரலாம்.

எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பது மறைப்பு. ‘காக்காய் வலிப்பு’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்துவைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒளித்துவைப்பவர் வேளை தவறவிடுவார், டாக்டரிடமும் போக மாட்டார். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையை 1999-லேயே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. மாமியார்களே, கணவர்களே, நீங்களும் அதை மனதிலிருந்து நீக்குங்கள். அடுத்த முறை டாக்டரிடம் அவளோடு நீங்களும் போங்கள்.