நாள் தள்ளிப்போனால்

ஹட்டன், டிக்கோயாப் பக்கத்து லயங்களில் ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். கர்ப்பம் இல்லை என்று தெரிந்ததும் பேச்சு மாறும்: "உள்ளே ரத்தம் கட்டிக்கிச்சு." எள்ளும் கருப்பட்டியும் வந்து சேரும். அதைத் தின்பதால் கெடுதல் இல்லை; ஆனால் இறக்கிவிட அங்கே பெரும்பாலும் எதுவும் தேங்கிக் கிடப்பதில்லை.

கருமுட்டை வெளியானபின் மாதவிடாய் வர ஏறத்தாழ 14 நாள். இந்தப் பாதி அதிகம் மாறாது. முட்டை முதிரும் முற்பாதிதான் நீளும், குறுகும். ஆகவே, நாள் தள்ளியது என்றால் பெரும்பாலும் முட்டை தாமதித்திருக்கிறது, அல்லது அந்த மாதம் வரவேயில்லை. 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் இயல்பே.

முட்டையை முதிரச் சொல்வது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ். அது துடிப்புத் துடிப்பாக ஹார்மோன் அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி சூலகத்தை எழுப்பும். உடம்பில் சக்தி இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின்; 1994இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். இருப்பு குறைந்தால் துடிப்பும் தளரும். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்தில் ஏராளமான பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனது இதனால்தான்.

பட்டினிதான் கிடக்க வேண்டும் என்றில்லை. போலந்தின் கிராமத்துப் பெண்களை ஆராய்ந்து கிராஜினா யாஷென்ஸ்காவும் பீட்டர் எலிசனும் 1998இல் எழுதியதுதான் மலையகத்துக்கு நெருக்கமானது. அந்தப் பெண்கள் போதிய அளவு சாப்பிட்டார்கள், எடை குறையவில்லை. ஆனாலும் வயல்வேலை கடுமையாக இருந்தவர்களின் எச்சிலில் புரோஜெஸ்டிரோன் குறைந்தது. உழைப்பு மட்டுமே சூலகத்தைத் தளர்த்தப் போதுமானதாக இருந்தது.

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் காலையில் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. பிறகு கூடையோடு சரிவில் ஏற்றம். முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழப் பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து வேண்டும், குறைந்தால் அரைப்பேர். மலையில் ஏறி இறங்கும் உடம்பு செலவழிப்பதை அந்த ரொட்டி ஈடுகட்டுமா? 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது ரொட்டியின் அளவும் சுருங்கியது.

"ரத்தம் இல்லாததால் வரவில்லை" என்பதையும் அடிக்கடி கேட்கலாம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: அதிகம் போவதால்தான் இரத்தசோகை வருகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் சாயத்தண்ணி இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும்.

எல்லாவற்றையும் உழைப்பின் தலையில் கட்டவும் முடியாது. கம்பஹாவில் நடந்த ஆய்வொன்றில் 15 முதல் 39 வயதுப் பெண்களில் 6.3 சதவீதத்தினருக்குச் சூலக நீர்க்கட்டி நோய்க்குறி இருந்தது. முகத்தில் முடி, பரு, எடை கூடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். தைராய்டு கோளாறும் தாய்ப்பாலூட்டலும் நாளைத் தள்ளும். வயதுக்கு வந்த முதல் இரண்டொரு வருடமும் நாற்பதுக்குப் பிந்திய வருடங்களும் ஒழுங்கற்றவையே.

தோட்டங்களில் பலர் மறந்துவிடும் காரணம் மூன்று மாதக் கருத்தடை ஊசி. போட்டுக்கொண்டிருக்கையில் மாதவிடாய் நிற்பது அதன் இயல்பு. நிறுத்தியபின் திரும்பப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். குடும்ப நல உத்தியோகத்தரிடம் போகும்போது கடைசி ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். ஊசியும் இல்லை, பாலூட்டலும் இல்லை, மூன்று மாதமாக வரவுமில்லை என்றால் வைத்தியரைப் பார்க்கவேண்டும். அங்கே மறுபடியும் கர்ப்பம் பார்க்கும் சிறுநீர்ச் சோதனையில்தான் ஆரம்பிப்பார்கள். அதற்குக் கோபப்பட வேண்டாம்.