முடியப்பரும் ஸ்டீபனும்: ஒரு கிரேக்கப் பெயர் வந்த வழிகள்

ஒரு மொழியின் இயற்பெயர் பிறிதொரு மொழிக்குள் ஒலியாகவும் புகலாம், பொருளாகவும் புகலாம். நாம் வாழும் இந்நகரின் பெயர் ஒலியாக வந்தது. 1786இல் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை இந்நகருக்கு இட்டார். கிரேக்கத்தில் அப்பெயரின் மூலச்சொல்லுக்கு 'உழவன்' என்பது பொருள். ஜார்ஜ் டவுன் என்று சொல்லும்போது நாம் உழவனை நினைப்பதில்லை.

மற்றொரு கிரேக்கப் பெயர் தமிழில் இவ்விரு வழிகளிலும் வந்துள்ளது. 'ஸ்தெஃபனோஸ்' என்பது 'சூழ்தல்' என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல். தலையைச் சூழ அணியும் இலைமாலையையும், வென்றவர் சூடும் வாகையையும், முடியையும் அது குறித்தது. கல்லெறியுண்டு உயிர்நீத்த முதல் கிறித்தவ மறைச்சாட்சியின் பெயரும் அதுவே.

பழைய சிலாவிய மொழிகளில் 'ஃப' ஒலி இல்லை. ஆகவே போலந்து மக்கள் அதனைப் பகரமாக்கி, முதல் மெய்களையும் திரித்து, 'ஷ்செப்பான்' என வழங்கினர். 'ஸ்டெஃபான்' என்னும் வடிவமும் அங்கு உண்டு. 1576 முதல் 1586 வரை போலந்தை ஆண்ட ஸ்டெஃபான் பாத்தோரி அப்பெயர் உடையவர். இரு வடிவங்களும் ஒலிவழி வந்தவையே.

தமிழிலும் 'ஃப' இயல்பான ஒலியன்று. சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலியம் ஒலியைப் பின்பற்றி 'ஸ்தேவான்' என்றது. கத்தோலிக்கத் தமிழ் மரபோ பொருளைப் பற்றி, 'முடி'யுடன் 'அப்பர்' என்னும் மதிப்புச்சொல்லைச் சேர்த்து, 'முடியப்பர்' என்றது. 'சிறியவர்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயருடைய பவுல் 'சின்னப்பர்' ஆனதும் இம்முறையிலேயே. வீரமாமுனிவரும் தேம்பாவணியில் சூசையை 'வளன்' என்றார்.

இம்மொழிபெயர்ப்பு மிகப் பொருத்தமானது. தமிழில் 'முடி' அரசரின் மகுடத்தைக் குறிக்கும். பூ முடித்தல் என்னும்போது தலையில் மலர் அணிதலையும் குறிக்கும். கிரேக்கச் சொல்லின் மகுடமும் மாலையும் ஆகிய இரு பொருளும் இவ்வொரு சொல்லில் அடங்குகின்றன.

இதனை அறிவதால் பயன் என்ன? பாட்டன் முடியப்பன், பேரன் ஸ்டீபன் என்னும் குடும்பத்தைக் கருதுவோம். பாட்டனின் பெயரையே பேரனுக்கு இட்டிருக்கிறார்கள். ஆயினும் உரோமன் எழுத்தில் அமைந்த பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் அவ்வுறவு புலப்படாது. ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அதே பாட்டன் 'ஸ்தெபானுஸ்' என இலத்தீன் வடிவில் இருக்கலாம். பொருள் அறியாதவர் ஒருவரை மூவராக எண்ணுவர். முடியப்பன் என்னும் பெயருடையவர் கிறித்தவர் அல்லர் என்றும் முடிவு கட்டுவர்.

எனவே குடும்ப வரலாறு எழுதுவோர், பெயரின் எல்லா வடிவங்களையும் தமிழ் எழுத்தில் அருகருகே குறித்து வைத்தல் வேண்டும். வீட்டு முதியோரிடம் இன்றே கேட்டு எழுதினால், மூன்று தலைமுறையின் தொடர்பை ஒரு வரியில் காக்கலாம்.