நிலப் பயன்பாட்டு விதிகளும் உள்ளாட்சி அமைப்புகளும்

குடியிருப்பு, வணிகம், தொழில், பூங்கா என நிலத்தை வகைப்படுத்துவது நகரமைப்பின் அடிப்படைப் பணியாகும். 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகரமைப்பு, நிலப் பயன்பாடு, கட்டட ஒழுங்குமுறை ஆகியவை அதில் அடங்கும் 18 பொருள்களுள் சிலவாகும். இவற்றை நகராட்சிகளிடம் ஒப்படைப்பது மாநிலச் சட்டமன்றங்களைப் பொறுத்தது. ஆனால், திட்டத்தை வரைவது எளிது. அதை நிலைநாட்டுவதே கடினம்.

செயல்முறை

கட்டட அனுமதியே முதல் கட்டுப்பாடு. வரைபடம் விதிகளுக்கு ஒத்திருந்தால் மட்டுமே அனுமதி கிடைக்கும். மீறல் தென்பட்டால் பணியை நிறுத்த ஆணையிடலாம். விளக்கம் கோரும் அறிவிப்பு அனுப்பலாம். கட்டடத்திற்கு முத்திரை வைக்கலாம். இறுதி நடவடிக்கை இடிப்பதாகும். 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் இவ்வதிகாரங்களை வழங்குகிறது. பாதிக்கப்பட்டோர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் வழி வகுக்கிறது.

தில்லியின் பாடம்

தில்லியின் முதல் பெருந்திட்டம் 1962இல் நடைமுறைக்கு வந்தது. எனினும், குடியிருப்புப் பகுதிகளில் கடைகளும் அலுவலகங்களும் ஆண்டுக்கணக்கில் பெருகின. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு முத்திரை வைக்க உத்தரவிட்டது. ஒருபுறம் குடிநீர், கழிவுநீர், போக்குவரத்து வசதிகள் நெரிசலால் திணறின. மறுபுறம் வணிகர்களின் பிழைப்பு கேள்விக்குறியாயிற்று. அவ்வாண்டே நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றித் தற்காலிகப் பாதுகாப்பு அளித்தது. 2007ஆம் ஆண்டின் பெருந்திட்டம், அறிவிக்கப்பட்ட தெருக்களில் கட்டணத்துடன் கலப்புப் பயன்பாட்டை அனுமதித்தது. தற்காலிகப் பாதுகாப்போ பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் திருத்தம் அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. தொடக்கத்தில் தடுக்காத மீறல் பின்னர் சமூகச் சிக்கலாகிவிடுகிறது என்பதே இதன் பாடம்.

நீதியும் உறுதியும்

தாமதத்தை ஈடுகட்ட அவசர இடிப்பில் இறங்குவதும் முறையன்று. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசமளிக்கும் அறிவிப்பும் நேரடி விசாரணையும் கட்டாயம் என்றது. சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளுக்கு இது பொருந்தாது. அதே ஆண்டு டிசம்பரில் அளித்த மற்றொரு தீர்ப்பில், நிறைவுச் சான்றிதழைப் பார்த்த பின்னரே மின்சார, குடிநீர் இணைப்புகள் நிரந்தரமாக வழங்கப்பட வேண்டும் எனக் கூறியது. கட்டடத்தில் மக்கள் குடியேறுமுன்பே மீறலை வெளிப்படுத்தும் வழி இது.

அடித்தளம் தோண்டும்போதே ஆய்வு செய்தால் ஓர் அறிவிப்பே போதுமானதாக இருக்கும். குடும்பங்கள் குடியேறிய பின் எந்த நடவடிக்கையும் துயரத்தில் முடியும். ஆகவே, போதிய ஆய்வாளர்களும், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் திட்ட வரைபடங்களும், காலம் தாழ்த்தாத நடவடிக்கையும் உள்ளாட்சிகளுக்கு இன்றியமையாதவை.