அந்தப் பெண்ணைக் கேட்டார்களா?

(முத்துப்பேட்டை வாசகி ஒருத்தியின் அபிப்பிராயங்கள்)

"நாவல் படிக்கும் பெண் குடித்தனத்துக்கு ஆகமாட்டாள்" என்று நான் சிறுமியாயிருந்த நாளில் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் கண்ணில் படாமல், நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து நாவல் படித்தவள் நான். இப்போது நானே ஒரு வீட்டுக்குப் பெரியவளாகிவிட்டேன். என் பேத்திக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. மாத நாவலைக் கூடத்து ஊஞ்சலில் பகிரங்கமாகவே படிக்கிறாள், கைபேசியிலும் படிக்கிறாள்.

சென்ற தை மாதம், அறுவடை முடிந்திருந்த சமயம், ஒரு பிற்பகலில் அவள் ஒரு காதல் நாவலைப் படித்து முடித்து, புத்தகத்தை மூடி வைத்தாள். "அப்பாயி! இந்தக் கதையில் பெண்ணின் தகப்பனாரைக் கேட்கிறார்கள், தாய்மாமனைக் கேட்கிறார்கள், ஜோசியரைக்கூடக் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணை யாராவது ஒருவர் கேட்டார்களா?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று தைத்தது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அன்று முதல், நான் இத்தனை வருஷமாகப் படித்த காதல் நாவல்களையெல்லாம் இந்த ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கத் தொடங்கினேன். பொன் எது, பித்தளை எது என்று எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஓர் அரசி

தமிழ் நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் நமது காவேரிப் பிரதேசத்தில் உத்தியோகம் பார்த்தவரே. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். அதில் கதாநாயகனைவிடக் கதாநாயகி ஞானாம்பாளுக்கே புத்தி அதிகம். அவள் ஆண் வேஷம் பூண்டு ஒரு ராஜ்யத்தையே ஆளுகிறாள். முதல் அடியே இவ்வளவு தைரியமாக எடுத்து வைத்த நாவல் உலகம், பிற்பாடு ஏன் இத்தனை தடவை பின்வாங்கிற்று என்பதுதான் ஆச்சரியம்.

அடுத்து வந்தது மர்மமும் காதலும் கலந்த துப்பறியும் நாவல்களின் காலம். மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரைச் சேர்ந்த துரைசாமி ஐயங்கார் அதில் மன்னர். அவருடைய 'மேனகா' 1935-இல் படமாகவும் வந்தது. அதன் கதாநாயகியை யாரும் எதுவும் கேட்பதில்லை. நாத்தனார்களின் சூழ்ச்சியால் அவள் விற்கப்படுகிறாள். ஆயினும் அந்தக் கதையில் என் மனத்தை விட்டு அகலாத ஒரு பாத்திரம் உண்டு. மேனகாவை வாங்கியவனுடைய மனைவியான நூர்ஜஹான், தன் கணவனின் குற்றத்தை மறைக்காமல், அந்த அயல் வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றுகிறாள். இரு சமயத்தாரும் அண்டை வீட்டாராக வாழும் எங்கள் முத்துப்பேட்டையில் இந்த இடத்தைப் படிக்கும்போது யாருக்கும் மனம் நெகிழும்.

பெண்கள் எடுத்த பேனா

பெண்களே எழுத வந்தபோது காரியம் வேறாயிற்று. வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்து வயதில் விவாகம். எழுதப் பழகியிராத காரணத்தால் தம் முதல் நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுதச் செய்தார். அப்படித் தொடங்கியவர் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். தேசிய இயக்கத்தில் சேர்ந்து சிறைவாசமும் அனுபவித்தார். அவர் கதைகளில் உபதேசம் சற்று மிகுதி என்பது வாஸ்தவமே. எழுத்தே மறுக்கப்பட்டிருந்தவருக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்திருக்கும் என்று நான் சமாதானம் செய்துகொள்கிறேன்.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் வெளியிட்ட நாவலின் பெயர் 'காதலா? கடமையா?'. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரே அதைப் பாராட்டி எழுதினார். புத்தகத்தின் தலைப்பே ஒரு கேள்வியாயிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தேசமும் காதலும்

1939-இல் 'தியாக பூமி' படக் காட்சிகளுடனேயே ஆனந்த விகடனில் தொடராக வந்தது. கல்கி எழுதிய கதை, கே. சுப்பிரமணியம் எடுத்த படம். தஞ்சை ஜில்லா நெடுங்கரை கிராமத்துச் சாவித்திரியைக் கணவன் விரட்டுகிறான். காலம் மாறி அவள் செல்வச் சீமாட்டியானதும், தன்னோடு வந்து வாழவேண்டும் என்று அவனே வழக்குத் தொடுக்கிறான். சாவித்திரியோ நீதிமன்றத்தில் நின்று, "வாழ வரமாட்டேன், வேண்டுமானால் நானே ஜீவனாம்சம் தருகிறேன்" என்ற பொருள்படப் பேசுகிறாள்! ஹிந்து விவாகச் சட்டம் 1955-இல் வருவதற்குப் பதினாறு வருஷம் முன்பே எழுந்த குரல் இது. 1940-இல் அந்தப் படத்துக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் தடை விதித்தது.

சுயராஜ்யம் என்பதன் பொருள் என்ன? தன் காரியத்தைத் தானே தீர்மானித்துக்கொள்வது தானே? தேசத்துக்கு அதைக் கேட்டவர்கள் சாவித்திரிக்கு மட்டும் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த வகை நாவல்களில் 'தியாக பூமி'க்கே என் முதல் மதிப்பெண்.

சரித்திரக் காதல்

சரித்திர நாவலில் இரண்டு பாதைகள் உண்டு. கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தில் சிவகாமி தன் சபதத்தைத் தானே செய்கிறாள். அதன் பலனையும் தானே அனுபவிக்கிறாள். வாதாபி எரிந்த பிறகு, நரசிம்மருக்கு வேறொருத்தி மனைவியாகிவிட்டாள் என்று அறிந்ததும், ஏகாம்பரநாதரையே நாயகனாக வரித்துக்கொள்கிறாள். துக்கமான முடிவுதான். ஆனால் அது அவள் எடுத்த முடிவு.

'பொன்னியின் செல்வ'னில் வரும் பூங்குழலி எங்களுக்குக் கிட்டத்தட்டச் சொந்த ஊர்ப் பெண். முத்துப்பேட்டையிலிருந்து கிழக்கே கரையோரமாகப் போனால் அவளுடைய கோடிக்கரை. எங்கள் அலையாத்திக் காட்டைப் படகில் போய்ப் பார்த்தவர்களுக்கு, அவள் துடுப்புப் போடும் கை கண்முன் தோன்றும். இளவரசனை நேசித்து, அது கைகூடாது என்று கண்ட பின், பூக்கைங்கரியம் செய்யும் சேந்தன் அமுதனை அவளே தேர்ந்துகொள்கிறாள்.

சாண்டில்யனின் 'கடல் புறா', 'யவன ராணி' முதலியவற்றில் கப்பற் போரும் யுத்த தந்திரமும் வெகு ஜோர். அவற்றைப் படிக்கத் தொடங்கினால் உலை பொங்குவதும் தெரியாது. ஆனால் நாயகியரின் அழகை வர்ணிக்கச் செலவிடும் பக்கங்களில் பத்தில் ஒரு பங்கு அவர்களுடைய மனத்துக்குக் கிடைப்பதில்லை. 'கடல் புறா'வில் நாயகன் ஒருவனுக்கு நாயகியர் இருவர். அந்த ஏற்பாட்டைப் பற்றி இருவரும் உள்ளபடி என்ன நினைத்தார்களோ!

கும்பகோணத்தில் நிகழும் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' இந்த வகைகள் எதிலும் அடங்காது. சங்கீதம் பயிலும் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை விரும்புகிறான். அவள் முதலில் மறுக்கிறாள். வறுமையும் தனிமையும் பட்டு, பல வருஷம் கழித்துத் தானே யோசித்துச் சம்மதிக்கிறாள். அவளுடைய மறுப்பையும் சம்மதத்தையும் ஆசிரியர் ஒரே மரியாதையுடன் எழுதியிருக்கிறார்.

மாத நாவல்கள்

நிற்க. இன்று பெரும்பாலோர் படிப்பது குடும்பக் காதல் கதைகளையே. இவற்றின் தாய்வழியைத் தேடினால், வைத்தியப் படிப்புக்குப் பணம் வேண்டிக் கதை எழுதத் தொடங்கிய 'லக்ஷ்மி'யிடம் போய் நிற்கலாம். அவருடைய 'பெண் மனம்' 1963-இல் 'இருவர் உள்ளம்' என்ற படமாயிற்று. வீட்டார் கட்டாயத்தால் செல்வந்தன் ஒருவனை மணந்த பெண், அவன் திருந்தும்வரை விலகியே நிற்கிறாள். அவளைக் கேளாமல் நடந்த விவாகம் என்பதைக் கதை ஒரு கணமும் மறக்கவில்லை. அதுவே அதன் பலம்.

பின்னர் ரமணிசந்திரனும் அவரைப் பின்பற்றியோரும் இந்தக் கதைப் போக்கை வீடுதோறும் கொண்டு சேர்த்தார்கள். அவற்றை ஏளனம் செய்யும் பண்டிதர்களுடன் நான் சேரமாட்டேன். நாள் முழுதும் அடுப்படியிலும் ஆபீஸிலும் உழைத்து அலுத்தவளுக்கு, ஆபாசமில்லாத இரண்டு மணி நேர ஆறுதலும் மங்களமான முடிவும் கிடைப்பது சாமானியமா? கதாநாயகியரில் பலர் சுயமரியாதை உள்ளவர்கள், சொந்தமாகச் சம்பாதிக்கிறவர்கள்.

என் மனக்குறை வேறு. இவ்வகைக் கதைகள் பலவற்றில் நாயகனின் கோபமும் சந்தேகமும் காதலின் அடையாளங்களாகவே காட்டப்படுகின்றன. முதலில் கட்டாயத் தாலி, பிறகு கடுஞ்சொல், கடைசி அத்தியாயத்தில் ஒரு விளக்கம், உடனே அவள் கண்ணீருடன் மன்னிப்பு! லக்ஷ்மியின் நாயகி மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த கணக்கை, இவர்கள் அரைப் பக்கத்தில் தீர்த்துவிடுகிறார்கள். கைபேசியில் தொடராக வரும் கதைகளிலும் இதே வழக்கம் நீடிக்கிறது. பதினெட்டு வயதுப் பெண் இவற்றை நூறு படித்தால், அதட்டுகிறவனே அன்புள்ளவன் என்று எண்ணிவிட மாட்டாளா?

எங்கள் வீட்டுக் கதை

பேத்தியின் கேள்வி என்னைத் தைத்த காரணத்தைச் சொல்லவேண்டும். அந்த வாரந்தான் அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்தியிருந்தது. நகை எத்தனை பவுன் என்பதுவரை பேசியாகிவிட்டது. என் மகனைக் கேட்டார்கள், மருமகளைக் கேட்டார்கள், என்னையும் கேட்டார்கள். நான் "பேஷாகச் செய்யலாம்" என்று சொல்லியிருந்தேன். சாவித்திரிக்காகக் கண்ணீர் விட்ட நானே!

அன்றிரவு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இரண்டு நாள் கொடுங்கள், அப்பாயி. அவரோடு ஒரு தடவை பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றாள். பேசினாள். மூன்றாம் நாள், வேண்டாம் என்றாள். என் மகன் ஒரு வாரம் என்னுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. பையன் நல்லவன், நிலபுலன் உள்ள குடும்பம். எனக்கும் இன்றுவரை ஆதங்கம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டதற்காக நான் வருந்தவில்லை.

நாவலாசிரியர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. அரண்மனையிலோ, ஆபீஸிலோ, அக்கிரகாரத்திலோ, எங்கே வேண்டுமானாலும் காதலை வளருங்கள். உங்கள் கதாநாயகியை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கடைசி அத்தியாயம் வரை காத்திராமல் முதல் அத்தியாயத்திலேயே கேட்டால் இன்னும் விசேஷம்.